ஆர்பிடி–ஏசிஇ2 பிணைப்பு எண் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது?

கேள்வி: "சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். கொவிட்-19 வைரஸின் ஸ்பைக் புரதத்தில் உள்ள ஆர்பிடி என்ற டொமைன், மனித ஏசிஇ2 ஏற்பியோடு எவ்வளவு வலுவாகப் பிணைகிறது என்று பிஎல்ஐ கருவியில் அளக்கிறோம். 2020ல் வந்த கட்டுரைகளிலேயே கேடி மதிப்பு 1.2, 4.7, 34.6, 44.2 நானோமோலார் என்று விதவிதமாக இருக்கிறது. எங்களுக்கு 0.3 வந்தது. எது சரி? டொமைனை முழுப் புரதத்திலிருந்து வெட்டித் தனியாக அளப்பதே தப்பா?"

பதில்:

கேடி என்பது பிணைப்பின் வலுவைச் சொல்லும் எண்; அது சிறியதானால் பிடி வலு. பிஎல்ஐ, ஒரு புரதத்தைச் சென்சாரில் ஒட்டி, மற்றதைக் கரைசலில் விட்டு, அவை சேர்வதையும் பிரிவதையும் கோடாக வரைந்து அந்த எண்ணைச் சொல்லும் கருவி. அந்த நான்கு எண்களும் அவரவர் அளந்த முறைக்குச் சரிதான். உங்கள் 0.3தான் இடிக்கிறது. கருவி பொய் சொல்லவில்லை. நீங்கள் அளக்க நினைத்ததை விட்டுவிட்டு வேறொன்றை அளந்திருக்கிறது. அநேகமாக இரண்டில் ஒன்று நடந்திருக்கும். ஆர்பிடியைச் சென்சாரில் ஒட்டிவிட்டு, எஃப்சி வால் (ஆன்டிபாடியின் அடிப்பகுதி) வைத்த ஏசிஇ2வைக் கரைசலில் விட்டிருப்பீர்கள். இல்லையென்றால், உங்கள் ஆர்பிடியே இரண்டிரண்டாகச் சேர்ந்து கிடக்கும்.

எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு போகிறவரைப் பாருங்கள். ஒரு கையால் பிடித்திருப்பவர் கைவிட்டால் தடுமாறுவார். இரண்டு கையாலும் இரண்டு கைப்பிடியைப் பிடித்திருப்பவர் ஒன்றை விட்டாலும் மற்றது அவரை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கும், விட்ட கை மறுபடி பிடித்துக்கொள்ளும். அவருடைய பிடி ஒவ்வொன்றும் முதலாமவர் பிடியைவிட வலுவானதல்ல. ஆனால் 'ஆள் எப்போது கீழே விழுகிறார்' என்று மட்டும் எண்ணினால், பிடி நூறு மடங்கு வலு என்று தோன்றும். எஃப்சி வால் ஏசிஇ2வை இரட்டையாக்குகிறது. அதைக் கரைசலில் விட்டால் சென்சாரில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஆர்பிடியை ஒருசேரப் பிடித்துக்கொள்ளும். வரைபடத்தில் பிரியும் கோடு சரியாமல் படுத்துக் கிடக்கும். கேடி ஒன்றுக்குக் கீழே போய்விடும்.

இதைப் புரிந்துகொள்ள ஆர்பிடியின் உடலமைப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். டொமைன் என்றால் ஒரு புரதச் சங்கிலியில், மற்றப் பகுதிகள் இல்லாமலும் தானாக மடிந்து நிற்கக்கூடிய ஒரு துண்டு. தானாக மடியும் என்பது மட்டும்தான் அதன் இலக்கணம். தானாக வேலை செய்யும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது.

ஸ்பைக் 1,273 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. மூன்று சங்கிலிகள் சேர்ந்து ஒரு ஸ்பைக். ஒவ்வொன்றிலும் முன்பாதி எஸ்1 (685 வரை), பின்பாதி எஸ்2. எஸ்1 ஏற்பியைத் தேடிப் பிடிக்கும், எஸ்2 வைரஸின் சவ்வை உயிரணுவின் சவ்வோடு இணைக்கும். எஸ்1க்குள் ஏறக்குறைய 319 முதல் 541 வரை உள்ள பகுதியைத்தான் ஆர்பிடி என்கிறோம். அதன் நடுப்பகுதி ஐந்து பீட்டா இழைகள் எதிரெதிராகப் படுத்து அமைந்த ஒரு தகடு. அந்தத் தகட்டின் 4, 7 என்று எண்ணிட்ட இழைகளுக்கு நடுவே 438 முதல் 506 வரை ஒரு நீட்சி வெளியே வளர்ந்து நிற்கிறது (5, 6 என்ற குட்டை இழைகள் அந்த நீட்சியில் இருப்பவை). ஏசிஇ2வைத் தொடுகிற அமினோ அமிலங்கள் ஏறத்தாழ எல்லாமே இந்த நீட்சியில்தான் உள்ளன. லைசின் 417 மட்டும் நடுப்பகுதியிலிருந்து கை நீட்டுகிறது.

படிக வடிவமைப்பில் எண்ணிப் பார்த்தால் ஆர்பிடி பக்கம் 17 அமினோ அமிலங்கள், ஏசிஇ2 பக்கம் 20. இருபுறமும் சேர்த்து மறையும் பரப்பு சுமார் 1,700 சதுர ஆங்ஸ்ட்ராம். பெரிய ஒட்டுப்பரப்பு என்று சொல்ல முடியாது. ஒரு ஓரத்தில் பினைலலனின் 486, ஏசிஇ2வின் லூசின் 79, மெத்தியோனின் 82, டைரோசின் 83 மூன்றும் சேர்ந்து அமைத்த எண்ணெய்ப் பசையான குழியில் செருகி உட்காருகிறது. நடுவில் லைசின் 417க்கும் அஸ்பார்டிக் அமிலம் 30க்கும் இடையே உப்புப் பாலம். மறு ஓரத்தில் 501ஆம் இடம், ஏசிஇ2வின் டைரோசின் 41, லைசின் 353 இரண்டுக்கும் எதிரே.

இப்போது வெட்டுவதற்கு வருவோம். எங்கே வெட்டுகிறீர்கள் என்பதை ஜீன் வாங்கும் கட்டத்திலேயே பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள், பிறகு மூன்று மாதம் தவிக்கிறார்கள். ஆர்பிடியின் உள்ளே நான்கு டைசல்பைடு பாலங்கள் (சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் இரண்டிரண்டாகக் கைகோத்தவை): 336–361, 379–432, 391–525, 480–488. முதல் மூன்றும் நடுத்தகட்டை இறுக்கிக் கட்டுகின்றன, நான்காவது நீட்சியின் நுனியில் இருக்கும் வளையத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆக, 336க்கு முன்னால் தொடங்கி 525க்குப் பின்னால் முடிக்காவிட்டால், ஒரு சிஸ்டீன் துணை இல்லாமல் நிற்கும். 520ல் வெட்டிய துண்டு சில சமயம் கரைசலில் வரும், ஆனால் சூட்டுக்கும் உறைபனிக்கும் தாங்காது.

எல்லாரும் வாங்கும் 319–541 துண்டில் இதற்கு நேர் எதிரான சிக்கல். அதற்குள் ஒன்பது சிஸ்டீன்கள். ஒன்பதாவது 538ல். முழு ஸ்பைக்கில் அது 590ஆம் சிஸ்டீனோடு கைகோத்திருக்கும். 541ல் வெட்டும்போது அந்தத் துணை அறுந்துபோகிறது. தனியாக நிற்கும் 538, கண்ணில் படும் இன்னொரு ஆர்பிடியின் 538ஐப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான், உங்கள் மாதிரியில் ஒரு பங்கு இரட்டையாகிவிட்டது. இதைக் கண்டுபிடிக்க ஒரு ஜெல் போதும். புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் எஸ்டிஎஸ் ஜெல்லில் ஒரே மாதிரியை, டைசல்பைடு பாலத்தை உடைக்கும் டிடிடி சேர்த்து ஒரு தடத்திலும், சேர்க்காமல் நான்கைந்து தடம் தள்ளியும் ஓட்டுங்கள் (பக்கத்தில் வைத்தால் டிடிடி ஊடுருவி இரண்டையும் கெடுக்கும்). ஒற்றை ஆர்பிடி, சர்க்கரையோடு சேர்ந்து 30 முதல் 35 கிலோடால்டன் அருகே பரவலாக நிற்கும். டிடிடி இல்லாத தடத்தில் 60க்கு மேலே இன்னொரு பட்டை தெரிந்து, டிடிடி தடத்தில் அது காணாமல் போனால் குற்றவாளி 538தான்.

தீர்வு இரண்டு. 333–527 என்று குட்டையாக வெட்டலாம், எட்டு சிஸ்டீனோடு நிற்கும். அல்லது 538ஐ அலனினாக மாற்றலாம். ஹைதராபாத்தில் தயாரான கோர்பிவேக்ஸ் தடுப்பூசியின் ஆர்பிடியில் செய்ததும் இந்த மாற்றத்தைத்தான். கையில் இருக்கும் புரதத்தை வைத்தே ஒப்பேற்ற வேண்டுமென்றால் ஜெல் வடிகட்டலில் (புரதங்களை அளவுப்படி பிரிக்கும் தூண்) ஒற்றை முகட்டை மட்டும் எடுத்து, அன்றோ மறுநாளோ அளந்துவிடுங்கள். டிடிடி போட்டு இரட்டையை உடைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அது மற்ற நான்கு பாலங்களையும் சும்மா விடாது.

அடுத்தது சர்க்கரை. அஸ்பராஜின் 331, 343 இரண்டிலும் சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. இரண்டையும் நீக்கினால் வைரஸின் தொற்றும் திறனே பெரிதும் விழுந்துவிடுகிறது. 343ல் உள்ளது மடிப்புக்கு முட்டுக்கொடுப்பது போன்றது, அதில் கை வைக்காதீர்கள். 333ல் தொடங்கும் துண்டில் 331 போய்விடும்; பிணைப்பை அளக்கும் அளவுக்கு அது பரவாயில்லை. செலவு குறையுமே என்று ஈ.கோலையில் தயாரிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பாக்டீரியாவின் உட்புறத்தில் டைசல்பைடு பாலம் உருவாகும் சூழலும் இல்லை, சர்க்கரை ஏற்றும் ஏற்பாடும் இல்லை. புரதம் கட்டி கட்டியாக உறைந்து நிற்கும். அதைக் கரைத்து மறுபடி மடிக்கலாம். மடிந்ததில் எத்தனை பங்கு உண்மையில் ஏசிஇ2வைப் பிடிக்கும் நிலையில் இருக்கிறது என்ற கேள்வி கடைசிவரை துரத்தும்.

மிதவையில் வளரும் எச்இகே293 என்ற மனித உயிரணுக்கள்தான் நிம்மதி. ஒரு மில்லிலிட்டருக்கு 25 முதல் 30 லட்சம் உயிரணு, ஒரு மைக்ரோகிராம் டிஎன்ஏ, 37 டிகிரி, 8 விழுக்காடு கரியமில வாயு. நான்காம் அல்லது ஐந்தாம் நாள் ஊடகத்தை (உயிரணு வளர்ந்த திரவத்தை) வடித்து எடுக்கலாம். ஆறுக்கு மேல் ஹிஸ்டிடின் உள்ள வாலைக் கடைசி முனையில் வையுங்கள், அதுதான் நிக்கலைப் பிடிக்கும். நிக்கல் தூணில் நேரடியாக ஊடகத்தை விட்டதும் தூண் நீலத்திலிருந்து வெளிறினால் ஊடகத்தில் உள்ள ஏதோ ஒன்று நிக்கலைப் பிடுங்குகிறது என்று பொருள். முதலில் பஃபருக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள். 20 மில்லிமோலார் இமிடசோலில் கழுவி 250ல் இறக்கி, பிறகு ஜெல் வடிகட்டல். இந்தக் கடைசிப் படியை நேரமில்லை என்று தாண்டுகிறவர்கள்தான் பிறகு "வளைவு பொருந்தவில்லை" என்று வந்து நிற்பார்கள்.

ஏசிஇ2 பக்கமும் ஒரு வெட்டு விவகாரம் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. 19 முதல் 615 வரை உள்ளது நொதிப் பகுதி, அது ஒற்றையாக நிற்கும். 740 வரை நீட்டி வாங்கினால் கழுத்துப் பகுதியும் கூடவே வரும், அந்தக் கழுத்து இரண்டை ஒன்றாக்கும். விற்பனைப் பட்டியலில் இரண்டுக்கும் 'மனித ஏசிஇ2' என்றுதான் பெயர். எஃப்சி வால் இல்லாததை வாங்கினேன், அதனால் ஒற்றைதான் என்று நம்ப வேண்டாம். புட்டியோடு வரும் தாளில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று பாருங்கள்.

இனி அளவீடு. விதி ஒன்றுதான்: இரட்டையாக இருப்பது சென்சாரில், ஒற்றையாக இருப்பது கரைசலில். எஃப்சி வால் கொண்ட ஏசிஇ2வை, எஃப்சியைப் பிடிக்கும் சென்சாரில் ஏற்றி, ஒற்றை ஆர்பிடியைக் கரைசலில் வைத்தால், ஏசிஇ2 இரட்டையாக இருப்பதால் கெடுதி இல்லை. ஒவ்வொரு ஏசிஇ2வும் ஒரு ஆர்பிடியைத்தான் பிடிக்கும்.

பஃபர்: பிபிஎஸ் (உப்புக் கரைசல்), 0.1 விழுக்காடு பிஎஸ்ஏ (மாட்டுப் புரதம்), 0.02 விழுக்காடு ட்வீன்-20 (சோப்பு போன்றது). சென்சார்களை இதில் 10 நிமிடமாவது ஊறவையுங்கள். ஆர்பிடியைக் கரைக்கும் பஃபரும் அடிக்கோடு (வெறும் பஃபரில் வரும் ஆரம்பக் கோடு) எடுக்கும் பஃபரும் ஒரே குப்பியிலிருந்து வர வேண்டும், இல்லையென்றால் குழி மாறும்போது கோடு குதிக்கும். ஒரு குழிக்கு 200 மைக்ரோலிட்டர், 25 டிகிரி, நிமிடத்துக்கு 1,000 சுற்று. 60 விநாடி அடிக்கோடு. பிறகு ஏசிஇ2 ஏற்றம், சமிக்ஞை 0.8 நானோமீட்டர் உயர்ந்ததும் நிறுத்துங்கள். ஆர்பிடி சிறிய புரதம், 0.3ல் நிறுத்தினால் அதன் சமிக்ஞை இரைச்சலில் மூழ்கிவிடும். 2 வரை ஏற்றினால் சென்சாரில் நெரிசல். பிரிந்துபோக வேண்டிய ஆர்பிடி பக்கத்து ஏசிஇ2வில் மறுபடி தொற்றிக்கொண்டு, பிரியும் வேகம் உண்மையைவிட மெதுவாகத் தெரியும். ஏற்றிய பிறகு 120 விநாடி அடிக்கோடு, 180 விநாடி சேர்க்கை, 600 விநாடி பிரிவு.

செறிவுகள் 200, 67, 22, 7.4, 2.5 நானோமோலார், கூடவே வெறும் பஃபர். எதிர்பார்க்கும் கேடியின் பத்தில் ஒரு பங்கிலிருந்து பத்து மடங்குவரை பரவியிருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. இரண்டு ஒப்பீட்டுச் சென்சார் கட்டாயம்: ஏசிஇ2 ஏற்றிவிட்டு வெறும் பஃபரில் நனைப்பது ஒன்று, எதுவும் ஏற்றாமல் 200 நானோமோலார் ஆர்பிடியில் நனைப்பது மற்றொன்று. இரண்டாவதில் சமிக்ஞை எழும்பினால் உங்கள் ஆர்பிடி சென்சாரிலேயே ஒட்டுகிறது. ட்வீனைக் கொஞ்சம் கூட்டுங்கள், மாதிரி திரண்டுபோயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கிடைக்கும் எண்ணைக் கையாலும் ஒருமுறை கணக்குப் போடுங்கள். சேரும் வேகம் மோலாருக்கு, விநாடிக்கு 2×10⁵ என்றும், பிரியும் வேகம் விநாடிக்கு 4×10⁻³ என்றும் வந்தால், பிரியும் வேகத்தைச் சேரும் வேகத்தால் வகுக்க, கேடி 20 நானோமோலார். பிரியும் வேகம் 4×10⁻³ என்றால் பாதி பிரிய 173 விநாடி. 600 விநாடியில் கோடு நன்றாக இறங்கியிருக்கும், அதை நம்பலாம். ஆனால் பிரியும் வேகம் 10⁻⁵ என்று மென்பொருள் சொன்னால், வெறும் 5 விழுக்காடு பிரியவே 85 நிமிடம் ஆகும். நீங்கள் 10 நிமிடம்தான் பார்த்தீர்கள். அப்போது வந்த எண் அளந்த எண்ணல்ல, இரைச்சலின் மேல் மென்பொருள் வரைந்த கோடு. கேடி 1 பிக்கோமோலாருக்குக் கீழ் என்று திரையில் தெரிந்தவுடன் மகிழ்ந்துபோய் அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். உங்கள் 0.3ன் கீழே உள்ள பிரியும் வேகத்தை முதலில் எடுத்துப் பாருங்கள்.

ஆர்பிடியின் செறிவில் பிழை இருந்தால் அது நேராகக் கேடியில் போய் உட்காரும். பாதிப் புரதம் செத்துக் கிடந்தால், மென்பொருள் முழுச் செறிவையும் நம்பிச் சேரும் வேகத்தைப் பாதியாக்கும், கேடி இரண்டு மடங்காகும். சென்சாரில் இருக்கும் ஏசிஇ2வில் பாதி செத்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. உச்ச சமிக்ஞைதான் குறையும். அதனால் கரைசலில் இருப்பதன் செறிவை 280 நானோமீட்டர் ஒளியுறிஞ்சலில், உங்கள் துண்டின் வரிசையிலிருந்து கணக்கிட்ட குணகத்தை வைத்து அளங்கள். பிராட்ஃபோர்டு சாயம் பிஎஸ்ஏவை அளவுகோலாக வைத்துச் சொல்லும் எண், சர்க்கரை ஏறிய சிறு புரதத்துக்குப் பொருந்தாது. கட்டுரைக்குக் கட்டுரை 4.7, 34.6, 44.2 என்று மாறுவதில் செறிவுப் பிழை, எந்தப் பக்கம் சென்சாரில், எந்த எண்ணில் வெட்டு என்ற இவையெல்லாம் கலந்திருக்கின்றன. ஒரே புரத ஜோடிக்கு இரண்டு ஆய்வுக்கூடங்களுக்கிடையே மூன்று மடங்கு வித்தியாசம் வருவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முப்பது மடங்கு என்றால் காரணம் தேட வேண்டும்.

பயோட்டின் போட்டு ஆர்பிடியைச் சென்சாரில் ஒட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒரு பொறி. சாதாரணப் பயோட்டின் வினைப்பொருள் வெளியே தெரியும் லைசின் எதையும் பிடிக்கும். 417ஐயும் பிடிக்கும். ஏசிஇ2வைத் தொட வேண்டிய கையிலேயே பசை தடவியது போல. வினைப்பொருளைத் தாராளமாகப் போட்டால் பாதி ஆர்பிடி முகம் மறைந்து நிற்கும். வாலில் ஏவிடேக் என்ற குட்டித் துண்டை வைத்து நொதியால் ஒரே இடத்தில் பயோட்டின் ஏற்றுவதுதான் முறை.

வளைவு 'ஓர் ஆர்பிடிக்கு ஓர் ஏசிஇ2' என்ற கணித மாதிரியில் பொருந்தாமல், வேகமான ஒரு சரிவும் மெதுவான ஒரு சரிவுமாகத் தெரிந்தால், உடனே 'இரண்டு பிணைப்பிடம்' என்ற மாதிரிக்குத் தாவாதீர்கள். மாறிகள் கூடினால் எந்த வளைவும் பொருந்தும். இந்த ஜோடிக்கு இரண்டு பிணைப்பிடம் இல்லை என்று வடிவமைப்பே சொல்கிறது. கெட்டது உங்கள் புரதம்தான்.

ஏன் ஓர் அமினோ அமிலம் மாறினால் எண் இவ்வளவு ஆடுகிறது என்றும் நீங்கள் கேட்கக்கூடும். 25 டிகிரியில் 20 நானோமோலார் பிணைப்பின் ஆற்றல் மோலுக்குச் சுமார் 10.5 கிலோகலோரி. பத்து மடங்கு வலு கூடவோ குறையவோ தேவைப்படுவது வெறும் 1.4 கிலோகலோரி, ஒரு நல்ல ஹைட்ரஜன் பிணைப்பு தரக்கூடிய அளவுதான். 2020 கடைசியில் பரவிய ஆல்ஃபா திரிபில் அஸ்பராஜின் 501 டைரோசினாக மாறியது. அதன் வளையம் ஏசிஇ2வின் டைரோசின் 41ன் வளையத்தோடு படிந்து நிற்க, பிணைப்பு பல மடங்கு ஏறியது. ஓமிக்ரானின் முதல் வகையான பிஏ.1 திரிபில் ஆர்பிடிக்குள் மட்டும் 15 மாற்றங்கள். அதில் லைசின் 417 அஸ்பராஜினாகி அந்த உப்புப் பாலம் அறுந்தது. அது நட்டம்தான். ஆனால் 493லும் 498லும் வந்த அர்ஜினின்களும், 501ல் வந்த டைரோசினும் அந்த நட்டத்தை ஈடுகட்டின. ஆன்டிபாடிகள் தேடி வந்த முகம் மாறிவிட்டது, ஏசிஇ2வோ கைவிட்டுப் போகவில்லை. மாற்றங்களை ஒவ்வொன்றாகத் தனித்தனியே அளந்து கூட்டினால் மொத்த விடை வராது என்பதற்கும் இது உதாரணம்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. டொமைனைத் தனியாக அளப்பது தப்பில்லை. ஆனால் அது வீவக அடுக்குமாடி வீட்டு இரும்புக் கதவிலிருந்து பூட்டைக் கழற்றி, மேசையில் வைத்துச் சாவி போட்டுப் பார்ப்பது போல. சாவி பொருந்துகிறதா என்று தெரியும். கதவுக்கு முன்னால் அலமாரி நிற்கிறதா என்று தெரியாது.

முழு ஸ்பைக்கில் ஒவ்வொரு ஆர்பிடியும் படுக்கும், எழும்பும். படுத்த நிலையில் நீட்சி பக்கத்துச் சங்கிலிகளால் மறைக்கப்பட்டிருக்கும், ஏசிஇ2 அணுக முடியாது. எழும்பியதுதான் பிடிக்கும். வெட்டி எடுத்த ஆர்பிடி எப்போதுமே 'எழும்பிய' நிலை. 614ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் கிளைசினாக மாறிய திரிபு 2020ல் உலகம் முழுதும் பரவியது. 614 ஆர்பிடிக்குள்ளேயே இல்லை. உங்கள் பிஎல்ஐயில் அந்தத் திரிபின் ஆர்பிடியும் பழைய ஆர்பிடியும் ஒரே வரிசை, ஒரே எண். மாறியது, ஆர்பிடி எழும்பி நிற்கும் வாய்ப்பு.

சிஆர்3022 என்ற ஆன்டிபாடி இன்னொரு பாடம். 2003 சார்ஸிலிருந்து மீண்டவரின் ரத்தத்திலிருந்து வந்தது. தனி ஆர்பிடியோடு நன்றாகவே பிணைந்தது. ஆனால் அது பிடிக்கும் இடம், ஸ்பைக்கின் உட்பக்கம் மறைந்து கிடப்பது; குறைந்தது இரண்டு ஆர்பிடி எழும்பி, கொஞ்சம் திரும்பியும் கொடுத்தால்தான் எட்டும். வைரஸை முடக்குகிறதா என்ற சோதனைகளில் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகள் வந்தன. அதிசயமில்லை.

நம் ஊரிலேயே இதற்கு இன்னும் கூர்மையான உதாரணம் டெங்கி. 2020ல் மட்டும் சிங்கப்பூரில் 35,315 பேருக்கு டெங்கி வந்தது. அந்த வைரஸின் மேற்புறம் முழுக்க ஈ என்ற புரதம், 180 பிரதிகள், இரண்டிரண்டாகச் சேர்ந்து 90 ஜோடிகள் தட்டையாகப் படுத்து உறை போர்த்தியிருக்கும். ஒவ்வொரு ஈ புரதத்திலும் மூன்று டொமைன். மூன்றாவது டொமைன் சுமார் 100 அமினோ அமிலம், ஆன்டிபாடியில் காணும் அதே வகை மடிப்பு, ஒரே ஒரு டைசல்பைடு பாலம் (302–333), சர்க்கரை கிடையாது. சர்க்கரைகள் மற்ற இரு டொமைன்களில், 67லும் 153லும் இருக்கின்றன. ஆர்பிடி ஈ.கோலையில் அழும், இது சிரித்துக்கொண்டே வரும். அதனால்தான் ஆண்டுக்கணக்காக எல்லாரும் இதை வைத்தே ஆன்டிபாடியைத் தேடினார்கள்.

தேடியது கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் மனிதர்கள் ரத்தத்தில் டெங்கியை முடக்கும் வேலையில் இந்தத் தனி டொமைனைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளின் பங்கு சிறியது. வலுவானவை பல, அடுத்தடுத்த இரண்டு ஈ புரதங்களின் எல்லையில் குறுக்காகப் படுத்துப் பிடிப்பவை. இங்கே தேசியப் பல்கலைக்கழகமும் டியூக்-என்யுஎஸ்ஸும் சேர்ந்து 2012ல் விவரித்த எச்எம்14சி10, டெங்கி 1ஆம் வகைக்கு எதிரானது, அப்படிப்பட்டதுதான். எல்லையே இல்லாத தனி டொமைனை எத்தனை முறை சென்சாரில் ஒட்டி வைத்தாலும், அதற்கு வேண்டிய முகம் அங்கே இருக்காது. அதோடு, டெங்கி 2ஆம் வகையின் சில ஆய்வக வகைகள் 28 டிகிரியில் வழவழப்பாகவும் 37 டிகிரியில் மேடுபள்ளமாக விரிந்தும் இருப்பதை 2013ல் காட்டினார்கள். கொசுவின் உடலில் ஒரு முகம், காய்ச்சல்காரர் உடலில் வேறு முகம். அறை வெப்பத்தில் அளந்த பிணைப்பைப் பற்றிப் பேசும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தனி ஆர்பிடியின் அளவையும் எல்லையையும் தெரிந்தே பயன்படுத்திய நல்ல வேலை, டியூக்-என்யுஎஸ்ஸில் வாங் லின்ஃபா குழு 2020ல் உருவாக்கிய சிபாஸ் சோதனை. தட்டில் ஏசிஇ2 பூசியிருக்கும். நொதி கோத்த ஆர்பிடியையும் நீர்த்த சீரத்தையும் சம அளவில் கலந்து 37 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, அதைத் தட்டில் 15 நிமிடம் விட்டுக் கழுவி, நிறம் வரவைத்து 450 நானோமீட்டரில் படிப்பார்கள். சீரத்தில் தடுக்கும் ஆன்டிபாடி இருந்தால் ஆர்பிடி தட்டில் ஒட்டாது, நிறம் குறையும். எதிர்மறை ஒப்பீட்டோடு பார்க்க 30 விழுக்காடு குறைந்தால் உண்டு என்று கணக்கு. உயிருள்ள வைரஸ் வேண்டாம், உயர்பாதுகாப்புக் கூடம் வேண்டாம், ஒரு மணி நேரத்தில் விடை. அதே சமயம், ஏசிஇ2வோடு மோதாமலே வைரஸை முடக்கும் ஆன்டிபாடிகள் இதன் கண்ணில் படா: ஸ்பைக்கின் முன்முனை டொமைனைப் பிடிப்பவை, 343ஆம் சர்க்கரைக்கு அருகே பிடிக்கும் எஸ்309 போன்றவை.

உங்கள் திட்டப்பணிக்குத் திரும்பினால், முதலில் டிடிடி உள்ள, இல்லாத ஜெல். அடுத்து ஏசிஇ2 புட்டியின் தாளில் வெட்டு எண்ணும் வாலும். பிறகு பக்கத்தை மாற்றி ஒரு ஓட்டம், ஆர்பிடி கரைசலில். எண் 10க்கும் 50க்கும் நடுவே எங்கேயாவது வந்து, மூன்று தனித்தனி ஓட்டங்களில் இரண்டு மடங்குக்குள் நின்றால், அதை எடுத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் கேடிக்குப் பக்கத்திலேயே துண்டின் எண்கள், எது சென்சாரில், வெப்பம், இரண்டு வேகங்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். பழைய 0.3ஐ அழித்துவிட வேண்டாம். அதை இரட்டைப் பிடியின் எண்ணாக, அந்தப் பெயரிலேயே பக்கத்தில் போடுங்கள். வைரஸின் மேல் பத்துக்கணக்கில் ஸ்பைக்குகள் நிற்கின்றன, உயிரணுவின் மேல் ஏசிஇ2வும் இரட்டையாகத்தான் இருக்கிறது. தேர்வாளர் கேட்கக்கூடிய முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும்.